வெறும் வயிற்றில் ஓர் அருள்வாக்கு

மருந்தியலை மனப்பாடம் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. பரீட்சை ஹாலில் கேட்டால் கொட்டுகிற விடை, வெளியே அவசரத்துக்குக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ராமநாதபுரத்தில் பி.பார்ம் படித்தபோது வகுப்பில் நான்தான் முதல் மாணவன். (சத்தியமாக. அம்மா மார்க் ஷீட்டை லேமினேட் செய்து வைத்திருக்கிறாள்.)

அந்த ஆடி மாதம், அக்கா வள்ளியைக் கட்டிக்கொடுத்த ஊரில் காளியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். சிக்கல் என்ற ஊர்ப் பக்கம். மச்சான் சிங்கப்பூரில் இருந்ததால், பிறந்த வீட்டுத் துணையாக என்னை அனுப்பினார்கள். கோயில் ஊருக்கு வெளியே கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. நல்ல உச்சிப்பொழுது. காலையிலிருந்து மண்ணை வாரி அடித்த காற்று சட்டென்று நின்றுபோனது. பனையோலை ஒன்றுகூட அசையவில்லை. நேர்த்திக்கடனுக்குக் கட்டியிருந்த கிடாய் கத்துவதை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தது.

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகையில் கண் கலங்க, வெள்ளைத் துண்டால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். துண்டில் சிவப்பு. கன்னத்தில் சிவப்புக் கோடு. அடுத்த சொட்டும் சிவப்பாகவே இறங்கியது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்ன எல்லாரும் என்னய இப்படிப் பாக்குறீக?" என்று சிரித்தாள்.

"ஆத்தா கண்ணுல ரத்தம்!" என்று யாரோ அலறினார்கள். முதல் ஆளாக மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது வேறு யாருமில்லை, வகுப்பின் முதல் மாணவன்தான்.

பூசாரி உடுக்கையை நிறுத்தினார். "காளி எறங்கிட்டா. இந்தப் பிள்ள ஒரு மண்டலம் வெரதம் இருக்கணும். இங்கிலீசு மருந்து எதுவும் நாக்குல படக் கூடாது."

அக்காவின் மாமியார் கைகூப்பினார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "தெனமும் காலையில ஏதோ சத்து மாத்திரை திங்கிறா சாமி. இப்பவே போயி எல்லாத்தையும் கண்மாயில வீசிட்டு வாரேன்."

விழுந்து கிடந்த என் மூக்குக்கு முன்னால் அந்தத் துண்டு கிடந்தது. ரத்தம் காய்ந்தால் கறுக்கும். இது செம்மஞ்சளாகக் காய்ந்திருந்தது. போன வாரம்தான் இரண்டு மார்க் வாங்கித் தந்த விடை, அப்போது சோம்பல் முறித்து எழுந்தது. ரிஃபாம்பிசின், காசநோய் மருந்து. சிறுநீர், வியர்வை, கண்ணீர் சிவக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

தவழ்ந்து போய் அக்காவின் காலைப் பிடிப்பதுபோல் பிடித்துக் கிசுகிசுத்தேன். "நீ டிபி மாத்திரையா சாப்பிடுற?"

"கத்தாதடா. கழுத்துல கட்டி. யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவுக கேப்பாகளா? பிள்ளையப் பிடுங்கிக்கிட்டு என்னய நம்ம வீட்டுக்குப் பத்தி விட்டுருவாக. மாத்திரைய நடுவுல நிறுத்துனா நோவு முத்திரும்னும் சொன்னாரு. நான் என்னடா செய்ய?"

உண்மையைச் சொன்னால் பிள்ளை போகும். சொல்லாவிட்டால் அக்காவே போய்விடுவாள். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என் மூளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு ஒரு முடிவெடுத்துவிட்டது. "ஏஏஏய்!" என்று எழுந்து ஆட ஆரம்பித்தேன். (எனக்கு ஆட வராது. கல்லூரி விழாவில் ஆடியபோது வலிப்பு என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தார்கள்.)

"வந்திருக்கது யாரு?" என்றார் பூசாரி.

"காளிடா! அந்த மாத்திரை நான் குடுத்தது! நிறுத்தக் கூடாது!"

"எப்பத் தாயி குடுக்கணும்?"

"காலையில! வெறும் வயித்துல! டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும்! ஒரு வேளையும் விடக் கூடாது! கண்ணு மங்குனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்!"

(அதோடு கொடுக்கும் இன்னொரு மாத்திரை பார்வையைப் பாதிக்கலாம் என்பது அடுத்த கேள்விக்கான விடை. வந்த வேகத்தில் அதையும் ஒப்பித்துவிட்டேன்.)

கூட்டத்திலிருந்து ஒருவர், "தாயி, எனக்கு மூட்டுவலி" என்றார்.

"அந்தப் பாடம் இன்னும் நடத்தலை!" என்றது காளி. அவர் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு நினைவில்லை. வெயிலில் மயங்கிவிட்டேன் போலிருக்கிறது. விழித்தபோது அக்கா மடியில் கிடந்தேன். காற்று மறுபடி வீசிக்கொண்டிருந்தது. அத்தை தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அத்தையே மாத்திரையும் தண்ணீருமாக அக்கா முன்னால் நின்றார். ஒரு நாளும் விட்டதில்லை. அக்கா குணமானாள். எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மச்சான் என்னிடம், "மாப்ள, மாத்திரைய சும்மா சொல்லாதீக, ஆடிச் சொல்லுங்க" என்பார். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் சிரிப்பு வராது. கட்டி கரைந்த பிறகு அக்கா ஒருநாள் சொன்னாள். "அத்தைய நீ அப்படிக் கேட்டிருக்க வேணாம்டா."

"என்ன கேட்டேன்?"

"'நீயும் வாக்கப்பட்டு வந்த புதுசுல இதே நோவுக்கு மாத்திரைய நெல்லுக்குள்ள ஒளிச்சு வச்சுத் தின்னவதானே, மறந்துட்டியா'ன்னு கேட்டியேடா. அதுக்கப்புறந்தான் அவுக உக்காந்து அழுதாக."

நான் கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒரு விஷயமே தெரியாது. அக்காவுக்கும் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது. கட்டினவருக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டதாக அத்தை பிற்பாடு அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கும் நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அத்தை எழுந்து நின்றுவிடுவார். முட்டி தேய்ந்து, சுவரைப் பிடித்துத்தான் எழ முடிகிறது. அக்கா பிள்ளைகள், "சாமி வந்துருச்சு, எந்திரிங்க" என்று விழுந்து விழுந்து சிரிக்கும். நான் பதறிப்போய், "உக்காருங்கத்தை, நான்தான்" என்பேன். அத்தை என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். நான்தான் என்று நிச்சயமான பிறகே உட்காருவார்.