தரையில் நின்றே மரம் ஏறுபவர்

மரம் ஏறுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் மரத்தில் ஏறி மரம் ஏறுவார்கள். இவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலை முடிந்ததும் இறங்கி, முகம் கழுவி, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டாவது வகையினர் தரையில் நின்றபடியே ஏறுவார்கள். இன்றைக்கு உங்களுக்கு நான் அறிமுகப்படுத்துவது இந்த இனத்தைத்தான்.

இவர்களைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டாம். எங்கேயாவது ஒருவன் மரத்தின் மேல் இருந்தால், கீழே தலையை முதுகில் படும்படி சாய்த்து, நெற்றிக்கு மேல் கையைக் குடையாக வைத்து, வாயைத் திறந்து, இன்னொரு கையின் சுட்டுவிரலால் ஆகாயத்தில் கோடு கிழித்துக்கொண்டு, "அப்படி இல்லைப்பா, அப்படி இல்லை" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். அவர்தான். அவர் ஏணியில் மூன்றாம் படியைத் தாண்டியதில்லை. மூன்றாம் படியில் நின்றபோதும் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதனால் என்ன? யோசனை சொல்ல உயரம் எதற்கு?

எங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி எட்மண்ட் சார். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். நல்ல மனிதர், யார் வீட்டில் எது உடைந்தாலும் முதலில் வந்து நிற்பார். கஷ்டம் என்னவென்றால், கடைசி வரைக்கும் நிற்பார்.

எழுபத்தாறாம் வருஷத்து மழையில் ஞானஜோதி டீச்சர் வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு பெரிய கிளை பாதி முறிந்து, சமையலறை ஓட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றது. ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். காற்று அடித்தால் அது 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போடும். டீச்சரும் தங்கை யூனிஸும் ஐந்து நாளாகக் கூடத்தில் ஸ்டவ்வை வைத்துச் சமைத்தார்கள். ஆறாம் நாள் டீச்சர் பொழிச்சலூருக்கு ஆள் அனுப்பி, பக்கீர் முகமதுவை வரவழைத்தாள்.

பக்கீர் பாய் இருபது வருஷமாக மரம் ஏறுகிறவர். ஒல்லியான உடம்பு. பேச்சும் ஒல்லிதான். கூடவே மனைவி சித்திகா, தோளில் இரண்டு கயிற்றுச் சுருளோடு வந்தாள். அவர் மேலே போனால் கீழே கயிறு அவள் கையில்.

பாய் மரத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். கிளையை வெகுநேரம் பார்த்தார்.

"கை ரம்பத்துல அறுத்தா ரெண்டு மணி நேரம் ஆவும் டீச்சரம்மா. அம்மாம் நேரம் முறிஞ்ச கிளைக்குப் பக்கத்துல தொங்கிக்கினு இருக்கணும். அதுக்குள்ள அதுவா வுழுந்துச்சுன்னா பேஜாரு."

"வேற வழியே இல்லையா பாய்?" என்றாள் டீச்சர்.

"இருக்கு!" என்று கேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

எட்மண்ட் சார் ஒரு மஞ்சள் பெட்டியைக் குழந்தைபோல அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருடைய மச்சான் ஜெபசீலன் மலேசியாவில் ரப்பர் எஸ்டேட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த எஞ்சின் ரம்பம் அது. மேலே கைப்பிடி வைத்த, மரத்தில் ஏறி அறுப்பதற்கென்றே செய்த சின்ன ரம்பம். அதனுடன் வந்த புத்தகம் எந்த மொழியில் இருந்ததென்று எட்மண்ட் சாருக்குத் தெரியாது. ஆனால் முழுக்கப் படித்திருந்தார்.

"பாய், புரொஃபஷனல் ஆளுங்களுக்கு வேண்டியது பவர்! இதுல ரெண்டு குதிரை சக்தி இருக்கு. வெயிட் வெறும் மூணு கிலோ!"

பக்கீர் பாய் அதைக் கையில் வாங்கினார். மீனம்பாக்கம் பக்கம் ஒரு கன்ட்ராக்டரிடம் இரண்டு மாதம் இதுபோல ஒன்றை வைத்து அறுத்த பழக்கம் அவருக்கு உண்டு. எட்மண்ட் சாருக்கு அது தெரியாது. கேட்டால்தானே தெரியும்?

"நாலரைக்கு மேல கீது சார்."

"நோ, நோ. புத்தகத்துல மூணுன்னு போட்டிருக்கு. பெட்ரோல் இல்லாம, பிளேடு இல்லாம, செயின் இல்லாம."

"பெட்ரோல் இல்லாம, செயின் இல்லாம மேல எடுத்துக்கினு போயி இன்னா சார் பண்றது? மரத்துக்கு விசிறி வுடறதா?"

யூனிஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பாய் ரம்பத்தை மேல்பிடியில் ஒரு கையால் தூக்கி அப்படியே தொங்கவிட்டார். மூக்கும் சாயவில்லை, வாலும் சாயவில்லை. தராசு முள்போல நின்றது. அவர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

"இது வேணும் சார் எங்களுக்கு. மூக்கு தொங்குச்சுன்னா பத்து நிமிசத்துல மணிக்கட்டு போயிடும். பவரு கெடக்குது. மேல ஒரு இழுப்புல கிளம்புதான்னு பாக்கணும்."

"நான் காட்டறேன்" என்று எட்மண்ட் சார் ரம்பத்தை வாங்கித் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தார். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தார். கண்ணாடி கழன்றது. பதினான்காவது இழுப்பில் சட்டைப் பொத்தான் தெறித்துக் குரோட்டன்ஸ் தொட்டிக்குள் போனது. அக்கம்பக்கத்து ஆட்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று உற்சாகமாக எண்ணிக்கொண்டிருந்தோம். பாய் குனிந்து, பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னச் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு ஒரு இழுப்பு இழுத்தார். 'டுர்ர்ர்' என்றது.

"நான் லூஸ் பண்ணி வெச்சேன்" என்றார் எட்மண்ட் சார்.

பாய் மரத்தில் ஏறினார். இடுப்பைக் கயிற்றால் மரத்தோடு பிணைத்துக்கொண்டு, ரம்பத்தை மேலே இழுத்து, அதன் பின்னால் இருந்த வளையத்தை இடுப்புக் கொக்கியில் மாட்டினார். முறிந்த கிளைக்கு இரண்டு கயிறு கட்டினார். ஒன்றை மேலே ஒரு கவட்டையில் போட்டுக் கீழே விட்டார். சித்திகா அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். பாரம் முழுவதும் அதில்தான். மற்றது கிளையை ஓட்டுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கிற கயிறு. அதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

எட்மண்ட் சார் ஏற்கெனவே பிடித்திருந்தார்.

"வுட்டுடக் கூடாது சார்" என்றாள் சித்திகா.

"எனக்கா சொல்றே?"

ரம்பம் பாட ஆரம்பித்தது. மரத்தூள் மஞ்சள் மழையாகக் கொட்டியது. எட்மண்ட் சாரும் ஆரம்பித்தார். "பாய், லெஃப்ட்ல அறுங்க! என் லெஃப்ட் இல்லை, உங்க லெஃப்ட்! நீங்க திரும்பினா அது என் லெஃப்ட்! கொஞ்சம் கீழே! பவர் குடுங்க!" எஞ்சின் சத்தத்தில் மேலே ஒரு வார்த்தையும் போகவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. ஆகவே, வாய்க்கு எட்டாத உயரத்தைக் கையால் எட்டிவிடலாம் என்று முடிவுசெய்து, கோணம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

இரண்டு கைகளையும்.

கிளை முறிந்து இறங்கிய கணமும் அதுவே. இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் அது சுழன்று, வெட்டுப்பட்ட முனையைத் திருப்பிக்கொண்டு நேராகப் பக்கீர் பாயின் மார்பை நோக்கி வந்தது. டீச்சர் "ஏசுவே!" என்று கத்தினாள். பாய் ரம்பத்தின் விசையிலிருந்து விரலை எடுத்தார். ஓடிக்கொண்டிருந்த சங்கிலி அந்த நொடியே நின்றது. ரம்பத்தை அப்படியே விட்டார். அது இடுப்புக் கொக்கியில் தொங்கியது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு காலை உயர்த்தி, வந்த கிளையை உள்ளங்காலால் தள்ளினார். கீழே சித்திகா குதிகாலை வேரில் ஊன்றி முழு உடம்பாலும் பின்னால் சாய்ந்தாள். கயிறு மரப்பட்டையில் புகைந்தது. கிளை ஓட்டுக்கு ஒரு சாண் மேலே ஆடி ஆடி நின்றது.



சித்திகா திரும்பாமலே சொன்னாள்: "டீச்சரம்மா, அந்தக் கயித்த நீங்க புடிங்க. சாருக்குக் கையி பேசறதுக்கு வேணும்."

டீச்சர் செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். யூனிஸ் அக்காளின் இடுப்பைப் பிடித்தாள். சித்திகா கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, கிளை கிணற்றடிப் பக்கம் நகர்ந்து, மெதுவாகத் தரையில் வந்து படுத்தது. ஒரு ஓடுகூட உடையவில்லை. நாங்கள் கைதட்டினோம். யூனிஸ் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

எட்மண்ட் சார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. பாய் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்காலில் தோல் வழன்றிருந்தது.

"பாய்..." என்றார் எட்மண்ட் சார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. இருபது வருஷத்தில் நான் கேட்ட அவருடைய மிகச் சிறிய பேச்சு அது.

"உயிரோடதானே கீறேன், வுடு சார். நல்ல ரம்பம் இது. வெரல எடுத்தா நிக்குது, கைய வுட்டா தொங்குது. வேற ஒண்ணா இருந்தா நான் பொழிச்சலூருக்குத் திரும்பிப் போவ மாட்டேன், இந்நேரம் வேற ஊருக்குப் போயிருப்பேன்."

எட்மண்ட் சாரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தோள் குலுங்க அழுதார். சித்திகாதான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபசீலனிடம் பேசி, மழைக்காலம் முடியும் வரை ரம்பத்தைப் பாய் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்து, எட்மண்ட் சார் அதைத் தானே பொழிச்சலூருக்கு எடுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். போனவர், அன்பரே, ஒரு கேள்வி கேட்டார். "பாய், இது மாதிரி ரம்பத்துல உங்களுக்கு என்னென்ன வேணும்?" பாய் சொன்னார். புகை முகத்தில் அடிக்கக் கூடாது. கையுறை போட்ட விரலுக்கும் சுவிட்ச் அகப்பட வேண்டும். சங்கிலியை இறுக்க ஒரு சாவி போதும் என்றிருக்க வேண்டும், மேலே பட்டறை வைக்க இடமில்லை. கால் மணி நேரம் எட்மண்ட் சார் வாயைத் திறக்காமல் கேட்டார். நான் கடிகாரம் பார்த்தேன்.

விடைபெற்று வெளியே வந்தோம். வாசலில் சித்திகா கயிற்றை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

எட்மண்ட் சார் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"அப்படி இல்லைம்மா, அப்படி இல்லை..."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். கிளை சுழன்று வந்த இடத்தைப் படிக்கும்போது, 'கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றியிருக்கலாமே' என்றோ, 'முதலில் நுனியை அறுத்திருந்தால் வம்பே இல்லையே' என்றோ உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? மறைக்க வேண்டாம். கொஞ்சம் முன்னால் நாற்காலியில் சாய்ந்து விரலை நீட்டினீர்களே, நான் பார்த்தேன்.

அது சரி, நீங்கள் இதுவரை எத்தனை மரம் ஏறியிருக்கிறீர்கள்?