மைத்துனர் பரிந்துரைத்த பாடும் குகை

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

தாங்கள் நலமாகவே இருப்பீர்கள். எங்களை இங்கே அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொண்டவருக்கு நலத்துக்கு என்ன குறை? வழக்கமாக 'நீ' என்பவன் இன்று 'தாங்கள்' என்று எழுதுவது மரியாதையினால் அன்று.

தங்கள் அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு மாதமாகிறது. விருந்தினர் முன்னிலையில் அவர் சொல்லத் தொடங்கிய கதையை நான் இன்னும் சரியாகச் சொல்லி முடித்துவைத்தேன், நடந்தது அவ்வளவே. "கடலோரமா நாலு நாள் இருந்துட்டு வாங்க அத்தான், அக்கா தானா பேசிடுவா" என்ற தங்கள் யோசனையை நம்பி இக்கிராமத்துக்கு வந்தோம். தாங்கள் புகழ்ந்த இயற்கை அழகுகள் யாவற்றையும் பார்த்தாயிற்று. பறவைப் பாறையில் பறவைகள் இருந்தன என்பதற்கு என் வெள்ளைச் சட்டை சாட்சி. அலை புகுந்து மேலே பீறிடும் என்ற பாறையோ நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, இது வெறும் ஓட்டை என்று நான் குனிந்து காட்டிய நொடியில் பீறிட்டது. மூக்குக்கண்ணாடி கடலோடு போயிற்று. தங்கள் அக்கா பையிலிருந்து துண்டை எடுத்துத் தம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர்மேல் ஒரு துளியும் பட்டிருக்கவில்லை.

எஞ்சியது பாடும் குகை. காற்று நுழைந்தால் பாறை பாடுமாம். படகோட்டி எங்களையும் மற்றப் பயணிகளையும் உள்ளே கொண்டுபோய்த் துடுப்பைத் தூக்கிவைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தார். இருட்டில் இத்தனை பேர் காரணம் தெரியாமல் காத்திருப்பது பொறுக்காமல், துளை வழியே காற்று செல்கையில் ஒலி ஏன் எழுகிறது என்று அடிப்படையிலிருந்து விளக்கத் தொடங்கினேன். வெகுநேரம் கழித்துப் படகோட்டி, "சார், அது பாடிக்கிட்டுதான் இருக்கு. நீங்க நிறுத்தினாத்தான் கேக்கும்" என்றார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன் தம்பி, நிறுத்த மாட்டார்" என்றார் தங்கள் அக்கா.

ஒரு மாத மௌனம் கலைந்தது, படகோட்டியிடம். படகே சிரித்தது, குகை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது.

நாளைப் பேருந்தில் நான் தனியாகத் திரும்புகிறேன். இனி அவர் பாறைகளோடு இங்கேயே வாழட்டும். அவை குறுக்கே பேசா. குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்களுக்கென்று தனியாக எதுவும் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, பேருந்துக்கு முன் அந்த ஒலியைச் சரிபார்த்துவிடலாமென்று காலையில் மறுபடி குகைக்குப் போனேன். உன் அக்காவும் வந்து படகில் ஏறினாள். நான் வாயைத் திறக்கவில்லை. பாறை மெல்ல முனகியது. அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு அவள் பாடினாள். அவள் பாடுவாள் என்று நீ ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? இன்னும் ஒரு வாரம் இருக்கிறோம். என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பிவை. பாதியில் ஒரு வரி மறந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த வரி தெரியும். சொல்லவில்லை.