தனசேகரன் கறுங்கோப்பியை வென்ற படலம்

வாழ்க தனசேகரன்! ஜாலான் புசார் வீதியில் ஆணிக்கும் அரத்துக்கும் தாழ்ப்பாளுக்கும் தனியரசு செலுத்திய கோமான். பேரம் பேச வந்தோரைப் புறமுதுகு காட்டி ஓடவைத்த பேராண்மையன். விடிந்ததும் ஒன்று, கடை திறந்ததும் ஒன்று, வாடிக்கையாளர் வந்தால் அம்மகிழ்ச்சிக்கு ஒன்று, வாராதொழிந்தால் அவ்வருத்தத்துக்கு ஒன்றென, டின் பால் வெள்ளத்தில் சீனிக் குன்றுகள் கரைந்த கோப்பியை ஓயாது மாந்திய அருஞ்சுவை வேந்தன்!

அப்பெருவாழ்வின்மேல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் இடி விழுந்தது. சிராங்கூன் சாலை டாக்டர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி ஊழ்வினைபோல் உரைத்தார்:

"ரத்தத்துல சீனியும் ஏறியிருக்கு, கொழுப்பும் ஏறியிருக்கு. கோப்பி மேல குத்தமில்ல, அதுல கொட்டுற பாலும் சீனியும்தான் வினை. நிறுத்துங்க. இல்லாட்டி தினமும் ஊசிதான்."

அஞ்சா நெஞ்சன் அஞ்சினான். அதனினும் அஞ்சத்தக்கது யாதெனில், ஊசி குத்தும் உரிமையை அவன் மனையாட்டி சிவகாமசுந்தரி அங்கேயே கேட்டுப் பெற்றதும், வீடு சேர்ந்த கையோடு பின்னல் ஊசியெடுத்துக் கத்தரிக்காயில் குத்திப் பழகியதுமே ஆகும்.

"நல்லா இறங்குதுங்க" என்றாள், முகமெலாம் மலர்ந்து.

மறுநாட் காலை, அப்துல் கையூமின் கோப்பிக்கடையெனும் களம் புகுந்தான் வீரன். பளிங்கு மேசை அதிர அறைந்து முழங்கினான்: "கையூம் பாய்! கோப்பி ஓ கோசோங்! பால் வேணாம், சீனி வேணாம், ஒண்ணுமே வேணாம் லா!"

கடை உறைந்தது. விசிறிய ரொட்டி அந்தரத்தில் திகைத்தது.

"வீட்டுல எல்லாரும் சுகந்தானே அண்ணே?" என்றார் கையூம், குரல் தழுதழுக்க.

வந்தது கறுங்கோப்பி, கார்கால நள்ளிருளைக் காய்ச்சி வடித்தாற்போல் வந்தது! முதல் மிடற்றிலேயே கசப்பின் கரிப்படை நாவெனும் நகரத்தை நாற்புறமும் வளைத்தது, செவி சிவந்தது, மீசை துடித்தது, விழிமதகு உடைந்தது. அடுத்த மேசைச் சீனிக்கிண்ணம் வெண்ணகை புரிந்து வாவென அழைக்க, காதலால் கட்டுண்டு வலக்கை புறப்பட, அதனை இடக்கை பாய்ந்து சிறைப்பிடிக்க, ஓருடலில் இருபடை பொருத அவ்வுள்நாட்டுப் போரின் நடுவே, கத்தரிக்காயை நினைந்தான். கண்ணை இறுக மூடினான். எஞ்சியதனைத்தையும் ஒரே மூச்சில் கவிழ்த்தான்!

வென்றான்! வெறும் டம்ளரை வெற்றிக்கொடியென உயர்த்தினான்! அவ்வேளை, தோற்ற கசப்பின் அடியிலிருந்து, திறை சுமந்து வரும் சிற்றரசர்போல், மெல்லியதோர் இனிமையும் மணமும் வழவழப்பும் அவன் நாவில் நடந்துவந்து வணங்கின.

"பாய், உண்மையைச் சொல்லணும். இது கூட நல்லாத்தான் இருக்கு! அடியில லேசா ஒரு இனிப்பு, ஒரு வாசம். எங்கேருந்து வருது?"

கையூமின் மார்பு விம்மியது. "நம்ம கடைப் பக்குவம்ணே! கொட்டையை வறுக்குறப்பவே சீனியும் பட்டரும் அள்ளிப் போட்டுல்ல வறுக்கிறோம்!"

வானம் இருண்டது, வையம் சுழன்றது, வாகை சூடிய சென்னி மெல்லமெல்லத் தாழ்ந்து பளிங்கில் படிந்தது, திசையெட்டும் செவிசாய்க்க, வீரன் வாய் திறந்தான்.

தனசேகரன் ஒரு வெந்நீர் கேட்டார்.