ராக்குவுக்காக வளர்த்த முடி

இனிமேல் என் மச்சான் மரிய அந்தோணி சொல்லி நான் ஓர் அடி அடிக்கப் போவதில்லை என்று அறுபத்தைந்தாம் வருசம் சபதம் போட்டேன். டிரம்மைச் சொல்கிறேன். மச்சானை அடிப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

பின்னே என்னய்யா? மச்சான் என்றால் என் வீட்டுக்காரி ஜெபமாலைக்கு அண்ணன். ஆவூர்ப் பக்கத்தில் பேண்டு செட்டு வைத்திருந்தார். அவர் கிளாரினெட். நான் டிரம். கல்யாணமோ, தேரோ, சாவோ, எங்கே போனாலும் நடுரோட்டில் திரும்பி நின்று ஒரே அதட்டு: "மாப்ளே, மெதுவா! என் வாத்தியம் கேக்க வேணாமா?" மெதுவாக அடிப்பதற்கு எதற்கய்யா டிரம்? தலையணையைத் தட்டினால் போதாதா? சம்பந்திகள் முன்னால், சின்னப் பிள்ளைகள் முன்னால் இந்த அவமானம்.

வீட்டில் வந்து கத்தினால் ஜெபமாலை, "அண்ணன் செட்டுங்க. அண்ணன் சொல்றபடிதான் அடிக்கணும்" என்பாள். அண்ணனாம் அண்ணன்!

அந்த வருசம் பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு கல்யாணம். அங்கே ராபின் என்ற ஆங்கிலோ இந்தியர் என் அடியைக் கேட்டுவிட்டு முதுகில் தட்டினார். கிதார் பார்ட்டி வைத்திருப்பவர். "நம்ம பார்ட்டியில வாசிக்கிறது ராக்கு, சீமை மியூசிக்கு. காலால ஒரு டிரம், கையால நாலு டிரம். எம்புட்டுப் பலமா அடிக்கிறியோ அம்புட்டு நல்லது" என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. சீமையில் இப்போது முடியை நெற்றியில் விட்டு ஆட்டி ஆட்டித்தான் அடிக்கிறார்களாம். "முடி வளத்துக்கிட்டு கிறிஸ்மஸ் டான்சுக்கு வா. முடி இல்லைன்னா வராதே."

வளர்த்தேன். சபதத்தைக் கிறிஸ்மஸ் வரை தள்ளிவைத்துவிட்டு, ஆத்திரத்தோடு வளர்த்தேன். கட்டிலைத் தட்டினேன், குடத்தைத் தட்டினேன். தூக்கத்தில்கூட "ராக்கு, ராக்கு" என்று தாளம் போட்டேன்.

ஒருநாள் ஜெபமாலை கேட்டாள்.

"ஏங்க, தலை ஏன் இப்படிப் பொதராக் கெடக்கு?"

"நேர்ச்சை."

"யாருக்கு?"

"மாதாவுக்குத்தான்! வேற யாருக்கு?"

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"அதெல்லாம் வெளிய சொன்னாப் பலிக்காது. போடி!"

"சேசு மரி சூசையே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து என் தலைக்கு ராஜ மரியாதை. எண்ணெய் என்ன, சீயக்காய் என்ன! மச்சான் ஒருமுறை, "பேண்டுத் தொப்பி தலையில நிக்கல மாப்ளே, வெட்டித் தொலைங்க" என்று பாய்ந்தார். இவள் எதிர்த்துப் பாய்ந்தாள். "அண்ணே! அது மாதா முடி. வாயக் கழுவுங்க!" மச்சான் வாயை மூடியதை அன்றுதான் பார்த்தேன். ஒரே பொய்யில் அண்ணன், தங்கை ரெண்டு பேரையும் மடக்கிவிட்டதாக மீசையை முறுக்கினேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வருகிறேன். கோயில் வேப்பமரத்தடியில் ஒரு பலகை, சொம்பில் தண்ணீர், கத்தியைத் தீட்டிக்கொண்டு சவரக்காரர் பிச்சை. பக்கத்தில் மச்சானின் பேண்டு செட்டு.

"என்னடி இது?"

"நேர்ச்சை முடிங்க. எறக்க வேணாமா?"

"இப்ப முடியாது!"

"ஏன் முடியாது? இம்புட்டு முடி இருக்கே!"

"கிறிஸ்மஸ் கழியட்டும்டி!"

"மாதாவுக்கே வாய்தாவா? சாமி, இவரு சொல்றதக் கேட்டீங்களா?"

பங்குச்சாமியார் பார்த்தார். ஊரே பார்த்தது. உட்கார்ந்தேன். பிச்சை வழித்தார். என் டிரம்மை மச்சானே எடுத்து அடித்தார். மெதுவாகத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சொம்பைத் தூக்கி எறிந்தேன். "பாவி! என் ராக்கு போச்சேடி!"

"போகட்டும்! போகணும்னுதான் மொட்டை போட வச்சேன்!" அவளுக்கும் கண் சிவந்தது. "நேர்ச்சைன்னு நம்பி நான் எண்ணெய் தேச்சுவிட்டா, தூக்கத்துல பேர் சொல்லிச் சொல்லிக் கொஞ்சுனீங்களே, யாருங்க அந்த ராக்கு? எந்த ஊருக்காரி? அவளுக்காக முடிய வளத்துட்டு மாதா மேல பழி போடுறீங்களா?"

மொட்டைத் தலையில் அடித்துக்கொண்டேன். "அடியே, ராக்கு பொம்பளை இல்லடி! மேளம்! பொன்மலையில புது மேளம்! முடிய ஆட்டி ஆட்டிப் பலமா அடிக்கலாம். 'மெதுவா'ன்னு சொல்ல ஒங்கண்ணன் இருக்க மாட்டாரு!"

ஜெபமாலை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மேளமா? இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நானே கட்டுச்சோறு கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பேனே! அண்ணன் ஒங்கள நாலு பேரு முன்னால அதட்டுறது எனக்கு மட்டும் இனிக்குதா? பொழப்புக்காகப் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

என் கோபம் பாதி இறங்கியது.

"சரி, போவுது விடு. முடிதானே? வளந்துரும். அடுத்த கிறிஸ்மஸுக்கு ராபின் கையக் காலப் புடிச்சாவது சேந்துர்றேன்."

அவள் முந்தானையைத் திருகினாள்.

"அது முடியாதுங்க."

"ஏண்டி முடியாது?"

"அந்த ராக்கு ஒங்கள விட்டு ஒழிஞ்சா, வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு முந்தி ஒங்க முடிய எறக்குறதா நான் மாதாவுக்கு நேந்துக்கிட்டேங்க."