மாதா கோயில் மேட்டுக்கு இரண்டு சைக்கிள்

நாற்பது வருஷத்தில் என் மனைவி எர்சீலியாவிடம் நான் சொன்ன ஒரு பொய்கூட ஒரு நாள் முழுக்கத் தாங்கியதில்லை. இந்த ஒரு பொய்யையாவது காப்பாற்றிவிடுவது என்று சபதம் எடுத்தேன்.

அவளுக்கு வயிற்றில் புற்றுநோய். இன்னும் சில மாதம், ஆலிவ் பறிப்புவரை இருந்தால் அதிகம் என்றார் டாக்டர். இதையெல்லாம் நோயாளிக்குச் சொல்லாமல் வீட்டாருக்குச் சொல்வதுதான் இத்தாலியில் எங்கள் உம்ப்ரியாப் பக்கத்துப் பழைய வழக்கம். "அவளுக்குத் தெரியவே கூடாது" என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மேட்டு மாதா கோயில் சுவரில் பெயர் பொறித்த வெள்ளி இதயத்தை மாட்டி வேண்டிக்கொள்வார்கள். நோயாளியும் கூட வந்தால்தான் பலிக்குமாம். ஜீப்புகூடப் போகாத பாதை. பேட்டரி வைத்த மலைச் சைக்கிள் இரண்டை வாடகைக்கு எடுத்தேன்.

"அறுபத்தெட்டு வயசுல இது என்னங்க கூத்து?"

"டாக்டர் தொப்பையைக் குறைக்கச் சொன்னார்."

"தொப்பை உங்களுக்கு. சைக்கிள் எனக்குமா?"

"துணைக்கு வாயேன்."

"அதுவும் சரிதான். விழுந்தா தூக்க ஆள் வேணுமே."

ஆலிவ் தோப்பு தாண்டி, இடிந்த மில் தாண்டி அவள் பறந்தாள். எனக்கு நாக்கு தள்ளியது.

"ஓஸ்வால்டோ! கைப்பிடியில இருக்குற பட்டனை அமுக்குங்க!"

"உனக்கெப்படித் தெரியும்?"

"கண்ணு இருக்கே!"

மேட்டில் அவளைப் படியில் உட்காரவைத்துவிட்டு நைசாக உள்ளே போனேன். பையைத் துழாவினேன். அவள் பெயர் பொறித்த இதயம் இருந்தது. ஆணியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். பாவி நான்! சுவரைப் பார்த்தேன். புத்தம் புதிதாக ஒரு வெள்ளி இதயம் பளபளத்தது. அதில் பெயர்: ஓஸ்வால்டோ.

"போன வாரமே வந்துட்டுப் போயிட்டேன்." பின்னால் எர்சீலியா நின்றாள். "இதே சைக்கிள்தான்."

"எனக்கு எதுக்கு? எனக்கென்ன வியாதி?"

"நான் போனப்புறம் ஒரு முட்டை வேகவைக்கத் தெரியுமா உங்களுக்கு? அதான் மாதாகிட்ட ஒப்படைச்சேன்."

"யாரு... யாரு சொன்னா உனக்கு?"

"டாக்டர்தான், நான் விடாம கேட்டதும் முதல்ல எனக்குத்தான் சொன்னாரு. எங்க வீட்டு மனுஷன் தாங்க மாட்டாரு, பக்குவமா சொல்லுங்கன்னு அவரை உங்ககிட்ட அனுப்பினதே நான்தான்."

அவள் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அவளும் அழுதாள். அப்புறம் முந்திக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டவளும் அவள்தான்.

"சரி, என் பேர் போட்டதை எடுங்க. உங்க இதயத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி சும்மா இருக்கு பாருங்க. எப்படியும் மறந்துட்டுதான் வருவீங்கன்னு அன்னைக்கே அடிச்சு வச்சேன்."