எஞ்சினுக்கு எண்ணெய்க் குளியல்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு வாகனத் துறையில் நடந்த மாபெரும் நிகழ்ச்சி, தென்காசி வட்டாரப் பழமை வாகன ஆர்வலர் நலச் சங்கம் தொடங்கப்பட்டதுதான். இதை நான் சொல்லக் கூடாது. நான் அதன் செயலாளர். ஆனால் தலைவர் வாயைத் திறக்க மாட்டார், பொருளாளருக்குக் காது கேட்காது. வேறு யார்தான் சொல்வது?

சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். ஒருவரிடமும் பழமை வாகனம் கிடையாது. விருப்பு வெறுப்பற்ற ஆய்வுக்கு இது மிகவும் அவசியம். மற்றபடி லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு, வாட்ஸப் குழு எல்லாம் தயார். முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். ஒரு வேலையை எப்படி நடத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காத்திருந்த சங்கத்துக்கு ஆண்டவன் அனுப்பிய வண்டி அஃப்சலுடையது. அஃப்சல் பதினெட்டு வருடமாகத் தம்மாமில் ஓர் அரபி வீட்டு டிரைவர். லீவில் வந்தவன், கேரளத்து எஸ்டேட் கொட்டகையில் கிடந்த அரை நூற்றாண்டு வயது ஜெர்மானிய கேம்பர் வேன் ஒன்றை வாங்கி, ஆரியங்காவு வழியாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, அவன் மனைவி அலிமா தைத்த பூப்போட்ட திரைச்சீலை. சாரல் சீசனுக்கு வருகிற குடும்பங்களை அருவி அருவியாகக் கூட்டிப்போய், வண்டியிலேயே சமைத்துப் போட்டு, வண்டியிலேயே தூங்கவைப்பது திட்டம்.

ஜூலை இருபதுக்குள் தம்மாம் திரும்பாவிட்டால் விசா ரத்து. வண்டி ஓடினால் விசா போகட்டும், ஊரோடு இருந்துவிடலாம். ஓடாவிட்டால் மறுபடியும் அரபி வீடு. அவன் மகள் ஹம்னாவுக்கு ஒன்பது வயது. அந்த ஒன்பது வருடத்தில் அவள் வாப்பாவோடு இருந்தது எல்லாம் சேர்த்துப் பதினோரு மாதம்.

வண்டியில் ஒரே ஒரு சிக்கல். ஐந்தருவி இறக்கத்தில் வரும்போதெல்லாம் பின்பக்கம் 'டமார் டமார்' என்று வெடித்தது. முதல் வெடியில் நேந்திரம் சிப்ஸ் கடைக் குரங்குகள் பழத்தோட்டம் வரைக்கும் ஓடின. கடைக்காரர்கள் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, இதச் சரி பண்ணிராதிய, நல்லாருப்பிய" என்று கெஞ்சினார்கள். அதையும் மனுவாக வாங்கிக் கோப்பில் வைத்தேன். எதிர்த்தரப்பின் கருத்தும் வேண்டுமல்லவா?

வண்டியைச் சங்கம் 'ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது'. முதல் அமர்வில் ஒன்பது பேரும் அரை மணி நேரம் ரேடியேட்டரைத் தேடினோம்.

"ரேடியேட்டர் எங்கலே?" என்று அஃப்சலைக் கேட்டேன்.

"இதுக்கு அது கெடையாது அண்ணாச்சி. எஞ்சின் காத்துலயே குளுந்துக்கிடும்."

"தண்ணி?"

"தண்ணியே வேண்டாம்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அரை நூற்றாண்டாக ஒரு வாய் தண்ணீர் பார்க்காத எஞ்சின்! கேட்கும்போதே எங்களுக்கு நாக்கு வறண்டுவிட்டது. 'ரேடியேட்டர்: ஆஜரில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் சுடலைமணி. ஐந்தருவியில் முப்பது வருடமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவர் கை படாத முதுகு மாவட்டத்தில் குறைவு. அவர் எஞ்சின் மூடியில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"உஷ்ணம்," என்றார். "அடிவயித்துல கட்டிக் கெடக்கு. உஷ்ணம் கூடுனா வாயு கூடும். வாயு கூடுனா வெடிக்கத்தான செய்யும்? மனுசனுக்கும் அதான், வண்டிக்கும் அதான்."

"வைத்தியம்?"

"எண்ணெ தேச்சு ஊறப்போட்டு, அருவித் தண்ணியில ஒரு முழுக்கு. புத்தி பெரண்டவனே குத்தாலத்துல குளிச்சுத் தெளிஞ்சு போறான். இது என்ன, இரும்புதான."

என்ன ஒரு தெளிவு! பல வருடம் படித்த பொறியாளர்களுக்கு இந்தத் தெளிவு வருமா? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இடையில் ஒரு சிறு ஒழுங்கீனம் நடந்தது. சுரண்டையில் பட்டறை வைத்திருக்கும் காஜா என்பவரை அலிமா போன் போட்டு வரவழைத்துவிட்டாள். அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சப்பை. லெட்டர் பேடு கிடையாது.

"ஏத்தத்துல வெடிக்கா?" என்று அஃப்சலைக் கேட்டார்.

"இல்ல காஜா காக்கா. இறக்கத்துல ஆக்ஸிலேட்டர்லருந்து கால எடுத்தா மட்டும் வெடிக்கு."

காஜா சோப்பை ஒரு கிண்ணத்தில் நுரைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். சைலன்சர் எஞ்சினோடு சேருகிற இடத்தில் நுரையைத் தடவி, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அடுத்த நொடி அங்கே 'புஸ் புஸ்' என்று குமிழி கிளம்பியது.

"இந்தா, இங்கன எடையில வைக்கித பேக்கிங் தேஞ்சு போயிருக்கு. கால எடுக்கும்போது இது வழியா வெளிக்காத்து உள்ள போவுது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள்ள வந்து அந்தக் காத்தோட சேந்து வெடிக்கு. நாளைக்குக் காலம்பற புது பேக்கிங் வெட்டிக் கொண்டாந்து மாட்டிருதேன். தீந்து போச்சு."

மொத்தம் ஒரு நிமிடம். நான் அதிர்ந்துபோனேன். ஒரு நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு எதற்குச் சங்கம்? எதற்கு நான்கு அமர்வு?

"காஜா, உங்க கருத்த எழுத்து மூலமா, மூணு நகல் எடுத்துக் குடுங்க. குழு பரிசீலிக்கும்," என்றேன்.

"எனக்கு எழுத வராது அண்ணாச்சி. மாட்டத்தான் வரும்."

"அப்ப பரிசீலிக்க முடியாதே."

"அண்ணாச்சி, ஒரு நாளு அவரு சொல்லுதத செஞ்சு பாத்தாதான் என்ன?" என்றாள் அலிமா. "தேதி ஓடிக்கிட்டு இருக்குல்லா."

"அம்மா, அது தனிநபர் அபிப்பிராயம். இது குழுத் தீர்மானம்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அஃப்சல் என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தான். கையில் காகிதம் வைத்திருக்கிற யாரைக் கண்டாலும் தலையாட்டிப் பதினெட்டு வருடம் பழகியவன். "பெரியவங்க சொல்லுதாவல்லா," என்றான். எவ்வளவு பண்பு! இவனைப் போல நாலு பேர் இருந்தால் நாடு உருப்பட்டுவிடும். 'ஆய்வில் உள்ளது, தொடாதீர்' என்று வண்டியில் பலகை மாட்டினோம். காஜா மூன்று மணி பஸ்ஸில் சுரண்டைக்குப் போய்விட்டார்.

ஜூலை இரண்டாம் தேதி, சாரல் தூற, ஐந்தருவிக்குக் கீழே வாய்க்கால் ஓரம் சிகிச்சை தொடங்கியது. உள்சூடு வெளியே வர வேண்டும் என்று முக்கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டோம். பிறகு நிறுத்தி, சுடலைமணி அதற்கு மூலிகைத் தைலம் தேய்த்தார். கையைச் சுட்டுக்கொண்டும் தேய்த்தார்; அப்படி ஒரு கடமையுணர்ச்சி. புகை எழும்பியது. "உஷ்ணம் எறங்குது, எறங்குது!" என்று உறுப்பினர்கள் கைதட்டினார்கள். உடனே நாலு பேர் நாலு குடம் வாய்க்கால் தண்ணீரை மொண்டு, கொதிக்கிற எஞ்சின்மேல் ஒரே நேரத்தில் ஊற்றினார்கள்.

'டிக்' என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொரு 'டிக்'. 'உஷ்ணம் வெளியேறும் ஒலி, இரண்டு முறை' என்று பதிவு செய்தேன்.

அஃப்சல் ஓடிப்போய் வண்டியில் ஏறினான். சாவியைத் திருப்பினான். வெடிச்சத்தம் அடியோடு நின்றிருந்தது. மற்ற எல்லாச் சத்தமும்தான். 'நூறு சதவீத வெற்றி' என்று ஊர் வாட்ஸப் குழுக்களில் எல்லாம் போட்டோம். இருநூறு பேர் கும்பிடு போட்டார்கள்.

காஜா மறுநாள் வந்து கழற்றிப் பார்த்தார். அந்த இரண்டு 'டிக்'கும் எஞ்சினின் மேல்மூடிகளான இரண்டு ஹெட்டிலும் விழுந்த விரிசல். "பச்சத் தண்ணிய ஊத்திக் கொன்னுட்டாவளே," என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். புது ஹெட் வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார். ஜூலை இருபதுக்கு இருந்தது பதினேழு நாள்.

பதினெட்டாம் தேதி அஃப்சல் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினான். அதற்கு முன் அவன் வீட்டு வாசலிலேயே சங்கத்தின் சார்பில் வழியனுப்பு விழா நடத்தினோம். பொன்னாடை போர்த்தினேன். "பரவால்ல அண்ணாச்சி, நீங்க நல்லதுக்குத்தான செஞ்சிய," என்றான். ஹம்னா அவன் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. அலிமா ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. நான் நன்றியுரையைப் பாதியிலேயே முடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஹெட் வந்தது. காஜா அதை மாட்டி, அப்படியே அந்த பேக்கிங்கையும் மாட்டினார். அலிமா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். சீசன் முடிந்துவிட்ட ஐந்தருவி இறக்கத்தில், போனை ஸ்டியரிங் பக்கம் சாய்த்து வைத்து அவள் ஓட்டிக் காட்ட, தம்மாமிலிருந்து அஃப்சல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வெடி இல்லை.

"கால எடுத்துட்டியா?" என்றது போன்.

"எடுத்துட்டேன்."

"நல்லாருக்கு," என்றது.

கோப்பை முடிக்க எனக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. ஆகவே வண்டி கீழே வந்து நின்றதும் படிவத்தை நீட்டினேன். 'சங்கத்தின் பணி பற்றிப் பயனாளியின் கருத்து' என்ற கட்டத்தில் அலிமா நிறுத்தி நிதானமாக எழுதி, கையெழுத்திட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சங்கத்துக்கு எழுத்து மூலமாகக் கிடைத்த முதல் கருத்து என்பதால், படித்துப் பார்க்காமலே கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டேன். வருகிற எல்லோரும் நின்று வாசிக்கிறார்கள். அப்புறம்தான் நானும் வாசித்தேன். அதில் இருப்பது இதுதான்:

"வண்டியில் இருந்தது ஒரே ஒரு பழுது. அதைக் காஜா ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். என் புருஷனை மறுபடியும் விமானம் ஏற்றியது வரை மீதி எல்லாவற்றையும் செய்தது சங்கம்தான்."