அபயாம்பாள் கை பட்ட ஜாடி

விமான் நகர், புனே
2007 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி லக்ஷ்மிநாராயணனுக்கு அத்திம்பேர் கிட்டு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அக்கா அபயாம்பாளும் சௌக்கியம். எங்கள் பெண் ப்ரீதி சௌக்கியமில்லை. அவள் வளர்க்கும் கிருமிகள் அதைவிட மோசம்.

உன் மருமாள் லாபில் என்ன செய்கிறாள் என்று நீ ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பாய், நானும் ‘ரிசர்ச்’ என்று சொல்லி நழுவிவிடுவேன். விஷயம் இதுதான். காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து வண்டிக்கு டீசல் எடுத்த பிறகு கொழகொழவென்று ஒரு பழுப்புக் கழிவு மிஞ்சுகிறது, கொட்டினால் ஊரே சண்டைக்கு வரும், அதை இவளுடைய கிருமிகள் தின்றுவிட்டு வயிற்றுக்குள் பிளாஸ்டிக் செய்து வைக்கின்றன, அந்தப் பிளாஸ்டிக் மண்ணில் மக்கியும் போகுமாம். நம் குடும்பத்தில் இத்தனை சமர்த்து யாருமில்லை. நாளைக்கு டீசல் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். கிருமி வேலை செய்தால் ப்ரீதிக்கு உத்தியோகம் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடுதான்.

வியாழக்கிழமை மின்வெட்டு. லாபில் ஜெனரேட்டரும் படுத்துக்கொள்ள, குளிரில் கிருமி செத்துவிடும் என்று ஒரு ஜாடியை ஸ்வெட்டருக்குள் அணைத்தபடி ஆட்டோவில் வந்து இறங்கினாள். புனே குளிரில் இட்லி மாவு பொங்குவதற்குள் எங்கள் பாடு பெரும்பாடு, உன் அக்கா பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி இன்வெர்ட்டர் மேல் வைப்பாள், ஜாடியையும் பக்கத்திலேயே வைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். காலையில் மாவு பொங்கியிருந்தது, ஜாடி சும்மா இருந்தது. உன் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மாவு கலந்த கையை அப்படியே ஜாடிக்குள் விட்டு நன்றாகக் கலக்கிவிட்டாள்.

“கைய விட்டியாம்மா? அரே, அதுல வேற ஒரு கிருமிகூட போகக் கூடாதும்மா!”

“கரண்டியால கலந்தா என்னிக்குடி புளிச்சிருக்கு? என் கைராசி இந்த பில்டிங்குக்கே தெரியும்!”

குழந்தை ஜாடியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி லாபுக்கு ஓடியவள்தான், வீட்டுக்கு வந்தாலும் வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. இனி உத்தியோகம் எங்கே நிலைக்கப்போகிறது. ஆகவே லக்ஷ்மிநாராயணா, வேலையை விட்டு வரமாட்டேன் என்று அவள் தட்டிக்கழித்தாளே, அந்த மெட்ராஸ் வரன், அவர்களிடம் மார்கழி பிறப்பதற்குள் பேசி முடித்துவிடு. ஃபோனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். எல்லோரும் கை கால் சுகத்தோடு இருங்கள்.

இப்படிக்கு,
கிட்டு

பி.கு.: பிள்ளை வீட்டாரிடம் வாயைத் திறக்காதே! இதைத் திங்கள் மாலை எழுதுகிறேன். மற்ற ஜாடிகளைவிட அந்த ஜாடியில்தான் பிளாஸ்டிக் அதிகமாம். மாவிலிருந்து போன ஏதோ ஒன்று அவள் கிருமிகளோடு ஒத்துப்போய்விட்டது. இன்னொரு முறை செய்து காட்டுங்கள் என்று கம்பெனிக்காரர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ப்ரீதி ஓடி வந்து, மாவுக் கையைக் கழுவக்கூட விடாமல் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். உத்தியோகம் யாருக்கு நிரந்தரமாகிறது என்பது அவர்கள் திரும்பி வந்தால்தான் தெரியும்.